பம்பருக்குக் கீழே இரண்டு சிவப்பு விளக்குகள்

இடித்தது முன்பக்கம், விளக்கு மாட்டுவதோ பின்பக்கம். இதை நான் சொன்னபோது என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. காரின் பின்பக்கம் பம்பருக்கு அடியில் இரண்டு சிவப்பு விளக்குகள் வேண்டும், மூடுபனியில் பின்னால் வருகிறவனுக்குத் தூரத்திலேயே நம் வண்டி தெரிய வேண்டும், அவ்வளவுதான் என்றார். பட்டறையில் கொடுத்துவிடலாமே என்றேன். நீ இருக்கும்போது பட்டறை எதற்கு என்று கேட்டார். இந்த மாதிரிப் புகழ்ச்சியில் நான் பல தடவை ஏமாந்திருக்கிறேன். அன்றும் ஏமாந்தேன்.

நான் மின்சாமான்கள் பழுது பார்க்கும் கடையில் பதினெட்டு வருடமாக வேலை செய்கிறேன். மீட்டரை வைத்துப் பார்க்காமல் எதையும் நம்ப மாட்டேன் என்பதால் அங்கே எனக்கு மீட்டரம்மா என்று பெயர். என் வீட்டுக்காரர் ஒரு பெரிய கிடங்கில் வருகிற சரக்கைச் சரிபார்ப்பவர். பெட்டி பன்னிரண்டு என்று அவர் எழுதினால் பன்னிரண்டுதான், யாரும் மறுபடி எண்ண மாட்டார்கள். அவர் வார்த்தைக்கு அப்படி ஒரு மரியாதை. அந்த மரியாதைதான் ஒரு மனிதரின் பிழைப்பில் மண்ணைப் போட்டது.

அதற்கு ஐந்து வாரங்களுக்கு முன், காலை ஆறரை மணி மூடுபனியில், வேலைக்குப் போகும் வழியில் அவர் ஒரு பள்ளிக்கூட வேனின் பின்புறத்தில் மோதினார். வேன் முன்னால் தள்ளப்பட்டுப் போய்க் கம்பத்தில் முட்டி நின்றது. நல்லவேளையாகப் பிள்ளைகள் யாரும் இன்னும் ஏறியிருக்கவில்லை. வேன் ஓட்டியவருக்கு முழங்கால் உடைந்தது. இவருக்கு நெற்றியில் ஒரு கீறல். காவல் நிலையத்திலும் பள்ளிக்கூடத்திலும் இவர் ஒரே மாதிரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்: முன்னால் போன வேனில் பின்விளக்கு எரியவில்லை. வேன்காரர் எரிந்தது எரிந்தது என்று தலையில் அடித்துக்கொண்டார். பின்பக்கம் முழுக்க நொறுங்கிப் போயிருந்ததால் அதை நிரூபிக்க அவரிடம் ஒன்றுமில்லை. அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்து, விசாரணைக்கு ஒரு திங்கட்கிழமை குறித்தார்கள். விளக்கில்லாமல் பிள்ளைகளின் வண்டியை ஓட்டினார் என்று அங்கே முடிவானால், அதற்கப்புறம் எந்தப் பள்ளிக்கூடத்திலும் அவரைச் சேர்க்க மாட்டார்கள்.

எனக்கு மட்டும் இன்னொன்று தெரியும். அன்று காலை இவர் சாப்பாட்டு டப்பாவை மேசை மேலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார். அந்த வாரத்தில் அது மூன்றாவது தடவை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்து போன் போட்டேன். எடுத்தார். தலை கழுத்தோடு ஒட்டியிருப்பதால்தான் அதையாவது மறக்காமல் கொண்டுபோகிறீர்கள் என்று நான் பொரிந்துகொண்டிருக்கும்போது அந்தச் சத்தம் கேட்டது.

பிறகு என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவரும் அந்த போனைப் பற்றி என்னிடம்கூட வாய் திறக்கவில்லை. வேனில் விளக்கே எரியவில்லை என்றால், நான் பேசியிருந்தாலும் பேசாவிட்டாலும் மோதியிருக்கத்தானே போகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். மீட்டர் வைக்காமல் என் வாழ்க்கையில் நான் நம்பிய ஒரே விஷயம் அதுதான்.

விசாரணைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை மத்தியானம், விளக்கு வேலையைத் தொடங்கினேன். காரின் முன்பக்கத்தை ஏற்கெனவே பட்டறையில் தட்டிச் சரிசெய்து கொடுத்துவிட்டார்கள். பின் பம்பருக்குக் கீழே இரண்டு துளை போட்டேன். துளையின் ஓரத்தில் துரு பிடிக்காமலிருக்கப் பெயின்ட் தொட்டு வைத்தேன். ஒயரை டிக்கிக்குள் கொண்டுவந்து, கதவோரத் தகட்டுக்கு அடியில் படுக்கவிட்டு, ஓட்டுகிறவர் காலுக்கு மேலே ஸ்விட்ச் வரை இழுக்க வேண்டும். நடுவில் ஒரு ரிலே, ஒரு ஃபியூஸ். மாடியில் குடியிருக்கும் நாத்தனார் படியில் நின்றுகொண்டு, நம் வண்டிக்கு இத்தனை விளக்கு, அந்த ஆளுக்கு ஒரு விளக்குப் போட வலித்ததா என்று கேட்டார். தம்பி சொன்னால் அவருக்கு அது கல்வெட்டு. நான் ஒயரைப் பல்லில் கடித்திருந்ததால் பதில் சொல்லாமல் தப்பித்தேன்.

டிக்கியில் விரித்திருந்த கம்பளத்தைத் தூக்கினால் ஓரத்தில் ஒரு சாக்கு. விபத்தன்று காரை இழுத்துப்போனவர் ரோட்டில் கிடந்ததையெல்லாம் பெருக்கி அள்ளி அதில் கொட்டி உள்ளே திணித்திருக்கிறார். பட்டறையிலும் அதை யாரும் தொடவில்லை. எனக்கோ உடைந்த சாமானைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. ஏதாவது உதவும் என்று தரையில் கொட்டினேன். எங்கள் பம்பர் துண்டு, வெள்ளைக் கண்ணாடிச் சில்லு, நடுவில் ஒரு கை அகலத்துக்குச் சிவப்புப் பிளாஸ்டிக். எங்கள் காரின் முன்பக்கத்தில் சிவப்பு கிடையாது. அந்தப் பிளாஸ்டிக்கோடு ஒரு பல்பு ஹோல்டர் தொங்கியது. ஹோல்டரில் பல்பு இருந்தது, அதுவும் உடையாமல்.

பல்பைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். பழைய வண்டிகளில் வருகிற இரண்டு இழைப் பல்பு அது. மெல்லிய இழை ஓடும்போது எரிய, தடித்த இழை பிரேக் பிடிக்கும்போது எரிய. இழை என்பது நெருக்கமாகச் சுற்றிய சின்னச் சுருள். அணைந்திருக்கும்போது அடிபட்டால் சுருள் அப்படியே இருக்கும், இல்லையென்றால் சட்டென்று ஒடிந்துவிடும். எரியும்போது அடிபட்டால் வேறு மாதிரி. பழுத்துச் சிவந்திருக்கும் இழை இழுபட்டு, நீண்டு, சிக்குப் பிடித்த நூலாகிவிடும். என் கையிலிருந்த பல்பில் இரண்டு இழையுமே சிக்குப் பிடித்திருந்தன.

வேனில் விளக்கு எரிந்திருக்கிறது. வேன்காரர் பிரேக்கும் பிடித்திருக்கிறார்.

நான் செய்த முதல் காரியம் பெருமைப்படும்படியானதல்ல. பல்பைப் பஞ்சில் சுற்றித் தீப்பெட்டிக்குள் வைத்து, அதைப் பித்தான் டப்பாவுக்கு அடியில் ஒளித்தேன். மற்றதையெல்லாம் சாக்கில் அள்ளிப் பழையபடி கம்பளத்துக்கடியில் வைத்தேன். அன்று அதற்கு மேல் வேலை ஓடவில்லை. ஒயர் போதவில்லை என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை கடையில், என் கணக்கு தப்பாக இருக்காதா என்ற நப்பாசையில், அதே மாதிரிப் பழைய பல்புகள் இரண்டை எடுத்தேன். ஒன்றை எரியவிட்டு ஹோல்டரோடு மேசைமேல் ஓங்கித் தட்டினேன். மற்றதை எரியவிடாமல் தட்டினேன். எரியாதது சுருள் கலையாமல் இருந்தது. எரிந்தது தீப்பெட்டிக்குள் இருப்பதைப் போலவே சிக்குப் பிடித்திருந்தது. பல்பு மேல் என்னம்மா கோபம் என்று முதலாளி கேட்டார். பல்பு மேல் இல்லை என்றேன்.

அந்த வாரம் வீட்டில் நான் எரிந்து விழாத ஆள் இல்லை. நாத்தனார் இரண்டு நாள் கீழேயே வரவில்லை. புதன்கிழமை மருந்துக்கடை வாசலில் வேன்காரரைப் பார்த்தேன். இவரைவிட நாலைந்து வயது மூத்தவர். கைத்தடியை ஊன்றிக்கொண்டு, தான் ஓட்டிய வேன் பழுது பார்க்கப்பட்டு வேறொருவர் கையில் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் மாத்திரை வாங்க மறந்து திரும்பினேன். அன்று ராச்சாப்பாட்டின்போது என் வீட்டுக்காரர், விசாரணைக்கு நீலச் சட்டையா வெள்ளைச் சட்டையா என்று கேட்டார். எதைப் போட்டால் என்ன என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன். சொல்ல வேண்டியது தொண்டை வரை வந்தது. சொன்னால் அந்த போனும் வெளியே வருமே என்ற பயம் அதை அமுக்கியது.

அடுத்த சனிக்கிழமை ஒயர் வேலையை முடித்தேன். ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது தெரு முழுக்கப் பனி. என் வீட்டுக்காரர் சின்னப் பிள்ளை மாதிரி என்னை எழுப்பி, வா, போட்டுப் பார்க்கலாம் என்றார். காரைத் தெருவில் நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டு நான் உள்ளே உட்கார்ந்தேன். அவர் பின்னால் அடி எண்ணிக்கொண்டே நடந்தார்.

நான் புது விளக்கைப் போடவில்லை. பழைய பின்விளக்கை மட்டும் போட்டேன். தெரிகிறதா என்று குரல் கொடுத்தேன். முப்பதில் தெரிகிறது என்றார், நாற்பதில் தெரிகிறது என்றார், அறுபதில் மங்கல் என்றார். பிரேக்கை மிதித்தேன். நன்றாகத் தெரிகிறது, இது எந்த விளக்கு, புதுசா என்று கேட்டார். பிறகு புது விளக்கைப் போட்டேன். நூற்றிருபது அடிக்கும் அப்பாலிருந்து, பிரமாதம் என்று அவர் குரல் வந்தது.

உற்சாகமாகத் திரும்பி வந்தவரிடம், அறுபது அடியில் தெரிந்தது பழைய விளக்குதான் என்றேன். அவர் முகம் மாறியது.

"அன்னைக்குப் பனி இதவிட அதிகம்" என்றார்.

நான் தீப்பெட்டியைத் திறந்து அவர் முன் நீட்டினேன். எங்கே கிடைத்தது, இழை எதனால் இப்படி ஆனது, கடையில் எதைத் தட்டிப் பார்த்தேன் எல்லாவற்றையும் சொன்னேன். சரக்குப் பெட்டியைச் சரிபார்ப்பது போல அவர் அதை வெகுநேரம் பார்த்தார். தப்புக் கண்டுபிடிக்க முடியாது என்று அவருக்கும் தெரிந்துவிட்டது. காரின் பக்கவாட்டில் சாய்ந்துகொண்டார்.

"நான் பாக்கலங்கிறது நிஜம். எரியலன்னு எழுதினா போனப் பத்தி எவனும் கேக்க மாட்டான்னு நெனச்சேன். உன்னையும் இழுக்க மாட்டாங்க."

"என்னைக் காப்பாத்தினேன்னு சொல்லாதீங்க. நான் கேக்கல" என்றேன்.

கோபமாகத்தான் சொன்னேன். ஆனால் எட்டு நாளாக அந்தக் காப்பாற்றலுக்குள் சொகுசாக உட்கார்ந்திருந்தவள் நான்தான். அதை நினைத்ததும் எனக்கு அழுகை வந்தது. அவர் தோளைத் தொட வந்தார், நான் விலகிக்கொண்டேன். நாளைக்கு விசாரணையில் சொல்லிவிடுகிறேன் என்று மெதுவாகச் சொன்னார். முதலில் வேன்காரரிடம் போய்ச் சொல்ல வேண்டும், இப்போதே ஏறுங்கள் என்றேன். இந்தக் கோலத்திலா என்று கேட்டார். போட்டிருந்தது கிரீஸ் ஒட்டிய பழைய பனியன்.

நான்தான் ஓட்டினேன். வேன்காரர் வீடு ஆறு தெரு தள்ளி. போய்ச் சேருவதற்குள் பனி கலைந்து வெயில் வந்துவிட்டது. வாசலில் நிறுத்திய பிறகும் என் வீட்டுக்காரர் சீட்டைவிட்டு அசையவில்லை. நீ முதலில் போ, நான் வருகிறேன் என்றார். எனக்கிருந்த ஆத்திரத்தில் எஞ்சினைக்கூட அணைக்காமல் இறங்கினேன்.

வேன்காரர் வாசலுக்கு நேரே நாற்காலியில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட காலை முக்காலியில் நீட்டியிருந்தார். நான் யார் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. தீப்பெட்டியைக் கொடுத்து, உங்கள் வண்டிப் பல்பு என்றேன். வாங்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். இருபது வருடம் வண்டி ஓட்டிப் பல்பு மாற்றியவர். விளக்க வேண்டியிருக்கவில்லை.

"இது எப்பக் கெடைச்சுது?"

"எட்டு நாளாச்சு" என்றேன். இன்றைக்குக் காலையில் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என்னைத் தாண்டி வாசலுக்கு வெளியே பார்த்தார். அங்கே எங்கள் காரின் பின்பக்கம் தெரிந்தது. நான் மாட்டிய இரண்டு விளக்கும் நல்ல வெயிலில் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தன.

"பனி போயிடுச்சும்மா. பின்னாடி அத அணைக்கச் சொல்லுங்க" என்றார். "அது எரிஞ்சா நீங்க பிரேக் போடறது பின்னாடி வர்றவனுக்குத் தெரியாது. இடிச்சிருவான்."

காரின் கண்ணாடி இறங்கியிருந்தது. என் வீட்டுக்காரர் காதில் விழுந்திருக்க வேண்டும். விளக்கு அணைந்தது, பிறகு எஞ்சினும் நின்றது. கிரீஸ் பனியனோடு இறங்கி வந்து வாசற்படிக்கு வெளியிலேயே நின்றார்.

"அண்ணே, உங்க வண்டியில வெளக்கு எரிஞ்சுது. நான் பாக்கல. போன் பேசிட்டிருந்தேன். தெரிஞ்சேதான் மாத்தி எழுதினேன்."

"யார்கிட்டப் பேசிட்டிருந்தீங்க?"

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். அவர் சொல்ல மாட்டார். இன்னும் ஐந்து வாரம் அப்படியே நிற்கச் சொன்னாலும் நிற்பார்.

"என்கிட்ட" என்றேன். "சாப்பாட்டு டப்பாவ மறந்துட்டாருன்னு திட்டிட்டிருந்தேன்."

வேன்காரர் தீப்பெட்டியை மூடிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பையின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"நாளைக்குப் பத்து மணி" என்றார். "ரெண்டு பேரும் வந்துருங்க."

வருகிறோம் என்றோம். அவர் எங்களை உட்காரச் சொல்லவில்லை.