தையல்காரன் பெண்டாட்டி

நர்ஸ் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தபோது அம்மா குறுக்கே வந்து நின்றாள்.

"காலையிலேர்ந்து பிதற்றிக்கிட்டே இருக்காரும்மா. இதைப் போட்டா நிம்மதியா தூங்குவாரு."

"பிதற்றலா? அவரு வேலை பாக்கறாரு."

மகளுக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. அப்பா நாவலாசிரியர். இந்த வீட்டில் அவர் எழுதும் ஆட்கள்தான் வீட்டுக்காரர்கள், மற்றவர்கள் குடித்தனக்காரர்கள். குளியலறையில் தனியாகச் சண்டை போடுவார். சாப்பிடும்போது சுவரைப் பார்த்து "அப்படியா!" என்பார். பள்ளிக்கூடத்துக் கதையை அவள் ஆசையாக ஆரம்பித்தால், "கொஞ்சம் இரு, அவன் பேசிட்டிருக்கான்" என்று கையமர்த்துவார். ஊசி போட்டுவிட்டால் அவ்வளவுதான், இந்த நிலைமையில் மறுபடி கண் விழிப்பாரா என்பதே சந்தேகம். அதற்குள் தன்னிடம் ஒரு வார்த்தை பேசிவிட மாட்டாரா என்றுதான் அவள் கட்டிலை விட்டு நகராமல் இருந்தாள்.

"வண்டி வந்தாச்சு," என்றார் அப்பா, கண்ணை மூடியபடியே. கரகரத்த, யாரோ ஒருவனுடைய குரல். "நான் கெளம்பறேன். ஏதாவது சொல்லேன்டி."

"தையல்காரன்," என்று அம்மா நர்ஸுக்கு அறிமுகப்படுத்தினாள். "ஊரை விட்டுப் போறான். பொண்டாட்டி என்ன சொல்லுவான்னு இவருக்குப் பிடிபடலை. நாவல் அங்கேயே நிக்குது. அவ வாயே தெறக்கமாட்டேங்கறா."

"ஏதாவது சொல்லேன்டி."

அம்மா மகளைப் பார்த்தாள். "நீதான் சொல்லேன்."

"நானா?" அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "பத்திரமா போய்ட்டு வாங்க."

அப்பாவின் புருவம் சுருங்கியது. "அவ அப்படிச் சொல்லமாட்டா."

இது அவருடைய சொந்தக் குரல். நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மகளுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷத்துக் கோபமும் திரண்டு வந்தது.

"போறதுன்னா போய்யா! உன்னை யாரு புடிச்சு வச்சா? போகும்போது கதவைச் சாத்திட்டுப் போ, கொசு வருது!"

அப்பா கண்ணைத் திறந்தார். நேராக அவளைப் பார்த்தார்.

"இதான்," என்றார். "இதேதான்டா கண்ணு."

தையல்காரன் பெண்டாட்டியை யாரும் கண்ணு என்று கூப்பிட மாட்டார்கள். அது தனக்குத்தான் என்று அவளுக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு அப்பா பேசவில்லை. ஊசிக்கு வேலை இல்லாமல் போனது. சாயங்காலம் மூச்சு அடங்கியது. அவள் வாய்விட்டு அழுதாள். அந்த அழுகைக்குள் சந்தோஷமும் இருந்தது, அதற்காக அவள் வெட்கப்படவில்லை.

ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். யாரோ வாசல் கதவை விரியத் திறந்து வைத்தார்கள். விளக்குப் போட்டதும் அம்மா எழுந்து போய் அதைச் சாத்திவிட்டு வந்து அவர் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

"கொசு," என்றாள் மகளிடம்.