ஐந்து மைக்ரான் ரெக்சன்

சங்கு குளிக்கப் போய்க் காணாமல் போன ரெக்சன், இரண்டு வருஷம் கழித்து, அவன் தங்கை ஸ்டெபி ஆராய்ச்சி செய்யும் கல்லூரியில் ஒரு முத்துச்சிப்பிச் சில்லின் மேல் கிடைத்தான். உயரம் ஐந்து மைக்ரான். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறமாட்டான். மற்றபடி ஆள் அப்படியேதான் இருந்தான். முக்குளிப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஓடு வேய்ந்தது போன்ற சிப்பி அடுக்கின் விளிம்பில் நின்று வலது கையைத் தூக்கிக் காட்டினான்.

சிப்பி வந்த வழியில் மர்மம் ஒன்றும் இல்லை. அன்றைக்கு அவனுடைய வலைப்பை மட்டும் மேலே வந்தது. அதில் இந்தச் சிப்பி ஒட்டிக்கொண்டிருந்தது. உடல் கிடைக்கவில்லை என்பதால் மாதா கோயிலில் துக்க மணி அடிக்க அம்மா எமில்டா விடவில்லை. ஆய்வுக்கு சாம்பிள் தீர்ந்துபோன ஒரு நாளில் ஸ்டெபி அதில் ஒரு சில்லை உடைத்து அணுவிசை நுண்ணோக்கியில் வைத்தாள். பெயர்தான் நோக்கி; அதற்குக் கண் கிடையாது. கண்ணுக்குத் தெரியாத கூர்மையில் ஓர் ஊசி, மேடுபள்ளத்தை வரிவரியாகத் தடவிப் போகும். தடவியதைக் கம்ப்யூட்டர் படமாக்கும்.

வழிகாட்டிப் பேராசிரியர் பெனிஸ்டன் படத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். “மனுஷன்னு எழுதாதம்மா, ரிவியூவர் ஒத்துக்கமாட்டாங்க. ஆர்ட்டிஃபாக்ட்னு, கருவியோட பிழைன்னு போடு” என்றார். கடலில் காணாமல் போனவர்களைத் தேடும் அலுவலகத்தில் நல்ல மரியாதை. ஆள் கிடைத்துவிட்டதால் தேடுவதை நிறுத்தினார்கள். கிடைத்ததாக எழுதித் தரச் சொன்னால், அடையாளம் காட்டும் அளவுக்கு ஆள் போதாது என்றார்கள்.

எமில்டாவுக்கு அதெல்லாம் பெரிதில்லை. வாரந்தோறும் வந்து ஸ்கிரீன் முன்னால் உட்கார்ந்துகொண்டாள்.

“ஏளா, கை காட்டுதாம்ளா! சாப்ட்டானான்னு கேளு.”

“கேக்க முடியாதும்மா, தடவத்தான் முடியும்.”

“அப்ப நல்லாத் தடவு. பிள்ள எளச்சுட்டான்.”

துறைமுகச் சாலையில் கன்டெய்னர் லாரி போனால் தரை அதிர்ந்து ரெக்சன் கோடுகோடாக நடுங்குவான். துறைமுகத்தில் வேலைநிறுத்தம் என்றால் தெளிவாக நிற்பான். வேலைநிறுத்தம் முடிய வேண்டும் என்று ஊரே மாதாவிடம் மன்றாடியபோது, நீடிக்க வேண்டும் என்று மெழுகுதிரி ஏற்றியவள் எமில்டா ஒருத்திதான். தெருச் சனமும் வந்து பார்த்தது. அவனோடு சங்கு குளித்த பவுல், “ஏலே, போயும் போயும் அங்கனயால நிக்க?” என்று ஸ்கிரீனைத் திட்டி அழுதான்.

பிள்ளை இளைத்தது உண்மைதான். திருவிழாக் கொடியேற்றத்துக்கு முன்பே மூக்கு போயிருந்தது; சப்பரம் நிலைக்கு வருவதற்குள் முகம் வழுவழுவென்று ஆகிவிட்டது. ஸ்டெபி புது ஊசி போட்டாள், உரசாமல் தட்டித் தட்டிப் போகும் முறைக்கு மாற்றினாள். தேய்வது தாமதமானதே தவிர நிற்கவில்லை. பழைய படங்களை எல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் அவளுக்கு அந்தக் கை விளங்கியது. படத்துக்குப் படம் அது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி முகத்துக்கு நேரே வந்திருந்தது. உள்ளங்கை எப்போதும் ஊசி வரும் பக்கம். அவன் யாருக்கும் கை காட்டவில்லை, தடுத்துக்கொண்டிருந்தான்.

“நாம பாக்கப் பாக்க அவன் தேயுதாம்மா” என்றாள்.

எமில்டா நாற்காலியை ஸ்கிரீனுக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு, “ஒரே ஒரு தடவ” என்றாள். பார்த்தார்கள். கையும் போயிருந்தது.

“போதும்ளா. அவன வீட்டுக்குக் கூட்டிட்டு வா.”

சில்லு இப்போது எமில்டா வீட்டு அலமாரியில், பவுடர் டப்பாவுக்குள் பஞ்சு வைத்து இருக்கிறது. மூடியை யாரும் திறப்பதில்லை. துக்க மணி இன்னும் அடிக்கவில்லை. ரெக்சன் எங்கே என்று கேட்டால், வீட்டில்தான் இருக்கிறான், பார்க்கத்தான் கூடாது என்று தெருவில் சொல்வார்கள். கன்டெய்னர் லாரி போகும்போது எமில்டா எழுந்து வந்து டப்பாவைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொள்கிறாள். லாரி தாண்டியதும் விட்டுவிட்டு மீன் கழுவப் போகிறாள்.