ஷீட்டு வீட்டில் மார்கழி

முகையூர்ப் பக்கத்து மார்கழிப் பனியைப் பார்த்து மலைநாட்டுக்காரன் சிரிப்பான். ஆனால் நாள் நிறையாமல், ஒன்றே முக்கால் கிலோவில் பிறந்த பிள்ளை இருக்கிற வீட்டில் அந்தப் பனிதான் எமன். அதுவும் இருதயசெல்வியின் வீடு கூரைக்குச் சிமெண்டு ஷீட்டு போட்ட வீடு. சுவருக்கும் ஷீட்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. விடிகிற நேரத்தில் ஷீட்டிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வேறு விழும்.

உடம்பில் சூடு குறைந்தால் குடிக்கிற பாலெல்லாம் சூட்டுக்கே போய்விடும், எடை ஏறாது, எடை ஏறாவிட்டால் திரும்பக் கொண்டுவந்து சேர்க்க வேண்டியதுதான் என்று விழுப்புரம் ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்த வார்டில் பதினெட்டு நாள் கிடந்தவள் செல்வி. பக்கத்துப் படுக்கைக்காரி வெறுங்கையோடு வீட்டுக்குப் போனதைக் கண்ணால் பார்த்தவள். இன்னொரு தரம் அந்த வாசலை மிதிக்க அவளுக்குத் தெம்பில்லை.

தன்னால் ஆனதையெல்லாம் செய்து பார்த்தாள். இடைவெளியில் மல்லாட்டைக் கடலைச் சாக்கைத் திணித்தாள். பாய்க்கு அடியில் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டாள். பிள்ளைக்கு மேலே குண்டு பல்பு கட்டினாள். அது 2012. கரண்டு ஒரு மணி நேரம் வந்தால் மூன்று மணி நேரம் போகிற வருஷம், பல்பு வெறும் அலங்காரத்துக்குத் தொங்கியது. மிஞ்சியது அவள் மார்புதான். ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்தபடி, பிள்ளையின் வெற்று உடம்பைத் தன் வெற்று மார்பில் ஒட்டிப் போட்டு, பழைய நூல்புடவையால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, சுவரில் சாய்ந்தபடியே பதினோரு நாள் ஓட்டிவிட்டாள். படுத்துத் தூங்குவது எப்படியிருக்கும் என்பதே மறந்துபோயிற்று. கண் எரிந்தது, முதுகு விட்டுப்போனது, அழக்கூட அலுப்பாக இருந்தது.

புருஷன் லூர்துநாதன் விக்கிரவாண்டி ரோட்டோர ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். ராத்திரி ஷிப்ட் முடித்துக் காலை ஏழு மணிக்கு வருவான். கல்லுக்கு முன்னால் நின்று வெந்த உடம்பு, பாயில் விழுந்தால் பகல் முழுக்கக் கட்டைதான். அந்தத் திங்கட்கிழமை ஒரு பெரிய பேனரைச் சுருட்டிக்கொண்டு வந்தான். ஷீட்டுக்குக் கீழே நாலு மூலையும் இழுத்துக் கட்டிவிட்டுத் தூங்கிப்போனான்.

பால் பாக்கெட் கொடுக்க வந்த பக்கத்து வீட்டுக் குப்பம்மாள் அண்ணாந்து பார்த்தாள். கை தானாக வாயைப் பொத்தியது.

"அடிப்பாவி! பச்ச ஒடம்புக்காரி வூட்ல இன்னாத்தடி கட்டிக்கினு கீறீங்க?"

செல்வியும் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். மாலை போட்ட பெரியவர் ஒருவர், பிறந்த தேதியும் இறந்த தேதியுமாக, கண்ணீர் அஞ்சலி என்ற எழுத்துக்கு அடியிலிருந்து பிள்ளையையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

லூர்துநாதனை எழுப்பியதற்கு, "பின்பக்கம் ஒரே புழுதி. புள்ள மேல கொட்டக் கூடாதுன்னு நல்ல பக்கத்தக் கீழ வெச்சேன்" என்றான். அவன் புத்தி அவ்வளவு தூரம் வேலை செய்திருந்தது. குப்பம்மாள் விடவில்லை. பேனர் இறங்கியது, குளிர் மறுபடி இறங்கியது. தன்னால்தானே என்று அவளே ஒரு மண்சட்டியில் கரி நெருப்பு கொண்டுவந்து வைத்துக் கதவையும் சாத்திவிட்டுப் போனாள். பாவம், நல்ல மனசுதான்.

அரை மணி நேரத்தில் எடை பார்க்க வந்த நர்ஸ் ரோஸ்லின், கதவைத் திறந்த வேகத்தில் சட்டியைத் தூக்கி வாசலில் வைத்தாள்.

"மூடின ரூம்ல கரி எரிச்சா மூணு பேரும் தூக்கத்துலயே போய்ச் சேந்துடுவீங்க, தெரியுமா?"

தராசு இன்னும் மோசமாகப் பேசியது. முப்பது கிராம் இறங்கியிருந்தது.

"வியாழக்கிழமையும் ஏறலன்னா விழுப்புரம்தான் செல்வி. உன் கையே சில்லுன்னு கீது. நீ சாப்புடல, தூங்கல. உன்கிட்ட ஏது சூடு?"

இதற்குமேல் கொடுக்கச் செல்வியிடம் எதுவுமில்லை. ரோஸ்லின் அறையைச் சுற்றிப் பார்த்தாள். சுவரோரம் முழித்துக்கொண்டு நின்ற லூர்துநாதனிடம் கண் நின்றது.

"அண்ணா, ஒடம்பத் தொடச்சிக்கினு வந்து சட்டையக் கழட்டிட்டு ஒக்காருங்க."

"நானா? கழுத்து நிக்காத புள்ளைய ஆம்பள தொடக் கூடாதுன்னு..."

"யாரு சொன்னா? ஆஸ்பத்திரில ஆம்பளைய உள்ள வுடல, அதனால உங்களுக்குச் சொல்லல. சூட்டுல ஆம்பள சூடு, பொம்பள சூடுன்னு இல்ல. ஜல்தி கழட்டுங்க."

வெட்கத்தில் குறுகிப்போய் அவன் உட்கார்ந்தான். ரோஸ்லின் பிள்ளையை அவன் நெஞ்சில் கவிழ்த்து, கழுத்தை ஒருக்களித்து வைத்து, அதே புடவையால் கட்டினாள். அவன் மூச்சுவிடக்கூடப் பயந்தான். செல்வி ஒரு நிமிஷம் சாயலாம் என்று பாயில் தலையை வைத்தாள்.

கண் விழித்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. மார்பு வெறுமையாக இருக்கவே பதறி எழுந்தாள். லூர்துநாதன் அப்படியே உட்கார்ந்திருந்தான். பிள்ளையின் பாதத்தைத் தொட்டாள். வெதுவெதுவென்று இருந்தது. பால் கொடுத்து முடித்ததும், "இப்டிக் குடு, நீ படு" என்று அவன் கையை நீட்டினான்.

வியாழக்கிழமை எண்பது கிராம் ஏறியிருந்தது. ரோஸ்லின் எழுதிக்கொண்டு போன பிறகு செல்வி உட்கார்ந்து விக்கி விக்கி அழுதாள்.

"அதான் ஏறிடுச்சே, ஏண்டி அழுவுற?" என்றான்.

அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. சந்தோஷம்தான், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் பதினோரு நாளும் இதே சூடு ரெண்டு முழத் தூரத்தில் குறட்டை விட்டுக்கொண்டு கிடந்திருக்கிறது. அவனை எழுப்பிக் கேட்கவேண்டும் என்று அவளுக்கும் தோன்றவில்லை, அவனுக்கும் தோன்றவில்லை.