பதினோரு பீப்பாய்களுக்கான ஒப்படைப்புச் சீட்டு

செவ்வாய்க்கிழமை காலை ஏழேகால் மணிக்கு, கதவு இல்லாத ஒரு பழைய ஃப்ரிட்ஜ் கல்குவாரிப் பள்ளத்திலிருந்து ஆறு கிலோமீட்டர் நடந்து வந்து, குப்பை லாரிகளை எடைபோடும் நகராட்சி எடைமேடையின் எழுத்தர் வீட்டு வாசலில் நின்றது. சாலை ஓரமாகவே வந்ததாகவும், பள்ளிக்கூடத்துக்கு எதிரே நின்று பிள்ளைகளைக் கடக்கவிட்டுப் புறப்பட்டதாகவும் பால்காரர் சொன்னார். எட்டு மணிக்குள் அதன் பின்னால் இரண்டு மெத்தைகள், ஒரு கட்டு ட்யூப்லைட், உடைந்த கழிப்பறைப் பீங்கான், ஒன்பது லாரி டயர்கள் எல்லாம் வரிசை கட்டிவிட்டன. எழுத்தர் பல் துலக்கிக்கொண்டே வெளியே வந்து பார்த்தார். அவற்றில் ஒன்றையும் அவர் அதுவரை கண்ணால் கண்டதில்லை. பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்து மட்டும்தான் போட்டிருந்தார்.

இது விளங்க வேண்டுமானால் ஒப்படைப்புச் சீட்டு எப்படி வேலை செய்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். நிதானமாகப் பார்த்தால் அது அழகான ஏற்பாடு. ஒரு கழிவு கை மாறும்போதெல்லாம் ஒரு சீட்டு. கொடுத்தவர் யார், ஏற்றிச் சென்றவர் யார், பெற்றவர் யார் என்று மூன்று கட்டம், மூன்று கையெழுத்து. வெள்ளை நகல் கொடுத்தவருக்கு, மஞ்சள் ஏற்றியவருக்கு, இளஞ்சிவப்பு பெற்றவருக்கு. நடுவில் ஆறு இலக்க எண். உலகத்தில் மனிதன் எறியக்கூடிய ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. முட்டை ஓட்டுக்கும் உண்டு, எக்ஸ்ரே படத்துக்கும் உண்டு. எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரம் இருந்தால் ஆபத்தான கழிவு. அந்தச் சின்ன நட்சத்திரம் வந்துவிட்டால் தனி லாரி, தனிக் கிடங்கு, தனிச் செலவு. ஆகவே அந்த ஊரில் நட்சத்திரம் வானத்தில் மட்டும்தான் இருந்தது. எல்லாச் சீட்டிலும் ‘கலப்புக் குப்பை’ என்ற ஒரே விவரமும் அதற்குரிய எண்ணும்தான். கொடுத்தவர் கட்டத்தில் ‘பல இடங்கள்’.

எழுத்தர் கெட்டவர் இல்லை. மூன்று வருடத்துக்கு முன் லாரி ஓட்டும் மைத்துனன் வந்து, “மாமா, ஒரு கையெழுத்துக்காக ஒண்ணரை மணி நேரம் க்யூல நிக்கிறோம்” என்றான். பாவமாக இருந்தது. அன்றுமுதல் ஒவ்வொரு திங்கட்கிழமையும் டீ குடிப்பதற்கு முன்பே ஒரு முழுப் புத்தகத்தில், நூறு சீட்டிலும், பெற்றவர் கட்டத்தில் கையெழுத்துப் போட்டு ஓட்டுநர்களிடம் கொடுத்துவிடுவார். வரிசை மறைந்தது. கொஞ்ச நாளில் லாரிகளும் மறைந்தன. கையெழுத்து ஏற்கெனவே பையில் இருக்கும்போது எடைமேடை வரைக்கும் டீசல் செலவழிக்க எந்த ஓட்டுநருக்கும் பைத்தியம் பிடிக்கவில்லை; குவாரி பக்கத்திலேயே இருந்தது. எடைமேடையில் புல் முளைத்தது. காகிதத்தில் மட்டும் வாரம் நூறு லோடு வந்துகொண்டிருந்தது. மிகச் சுத்தமான நிர்வாகம் என்று அவருக்கு ஒரு கேடயமும் கொடுத்தார்கள்.

பிறகு அந்த மாதம் முதல் தேதி, விதிகளில் ஒரு திருத்தம் வந்தது. ஒப்படைப்பு உண்மையில் நடக்காத கழிவு, சீட்டில் கடைசியாகப் பெற்றுக்கொண்டவரிடமே இருப்பதாகக் கொள்ளப்படும். நகராட்சி அதை அச்சடித்து அறிவிப்புப் பலகையில் ஒட்டியது. மனிதர்கள் யாரும் படிக்கவில்லை. குப்பை படித்தது.

எழுத்தரின் மனைவி வீட்டிலேயே தையல் கடை வைத்திருந்தாள். கழுத்தில் அளவு நாடாவோடு வாசலுக்கு வந்து வரிசையை முன்னிருந்து கடைசி வரைக்கும் பார்த்தாள்.

“ஆபீஸ்ல என்னதாங்க வேலைன்னு எத்தனை தடவை கேட்டிருப்பேன். வாயே திறக்க மாட்டீங்க. இப்ப வேலையே வீட்டுக்கு வந்து நிக்குது.”

புதன்கிழமை கழிவு ஆய்வாளர் வந்தார். கையில் அட்டை, காலில் உயரமான ரப்பர் பூட்ஸ், முகத்தில் எதற்கும் ஆச்சரியப்படாத பாவனை.

“இதெல்லாம் ஏத்திட்டு வந்தது யாரு?” என்றார்.

“யாருமில்லை மேடம். தானா நடந்து வந்துச்சு.”

“தானான்னா, அதுவேதான் ஏத்திட்டு வந்ததுன்னு அர்த்தம். பதிவு இருக்கா அதுக்கு?”

கழிவு நடப்பது குற்றம் என்று எந்தப் பிரிவிலும் இல்லை. பதிவு செய்யாமல் கழிவைக் கொண்டுசெல்வது குற்றம் என்று இருந்தது. ஆகவே ஃப்ரிட்ஜின் நெற்றியில் ஒரு நோட்டீஸும், அனுமதியில்லாமல் சேமித்து வைத்ததற்காக எழுத்தர் கையில் ஒரு நோட்டீஸும் தந்துவிட்டு, மெத்தைகளைச் சுற்றி நடந்து வெளியேறினார். வாசலில் நின்று, கழிவு என்றால் சட்டப்படி என்ன என்பதை மட்டும் கேட்காமலே சொல்லிவிட்டுப் போனார். வைத்திருப்பவர் எறிந்தது கழிவு. எறிய நினைப்பது கழிவு. எறிந்தே ஆகவேண்டும் என்று விதி சொல்வதும் கழிவு. இந்த மூன்றும் இல்லையென்றால் அது வெறும் பொருள்.

எழுத்தருக்கு இருபத்தெட்டு வருடமாகத் தெரிந்த வரி அது. அவர் மனைவி முதல்முறையாகக் கேட்டாள். நேரே ஃப்ரிட்ஜிடம் போனாள். துணி அடுக்க ஓர் அலமாரி வேண்டும் என்று அவள் நான்கு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள். துடைத்து, தட்டுகளைத் திருப்பிப் போட்டு, நறுக்கிய ரவிக்கைத் துணிகளை அடுக்கினாள். அதற்குப் பிறகு அது அசையவே இல்லை. மறுபடியும் பொருளாகிவிட்டது. டயர்களில் மண்ணைக் கொட்டிக் கத்தரிச் செடி வைத்தாள், அவையும் அடங்கின. எழுத்தரும் முயன்றார். ஒரு மெத்தையைத் தட்டிக்கொடுத்து, “இரு, நீ எனக்கு வேணும்” என்றார். மெத்தை ஹாலுக்குள் இன்னும் நான்கு அடி வந்து அவர் மேலேயே சாய்ந்தது. சொல்வதும் நினைப்பதும் வேறுவேறாக இருந்தால் காகிதத்தில் செல்லும்; மெத்தையிடம் செல்லவில்லை. அதையும் கடைசியில் அவள்தான் பிரித்து, பஞ்சை வெயிலில் காயப்போட்டுத் தலையணை தைத்தாள்.

இப்படியே போயிருந்தால் ஊர்க் குப்பை முழுவதையும் அவள் குடும்பத்தில் சேர்த்துக்கொண்டிருப்பாள். ஆனால் வியாழக்கிழமை மதியம் பதினோரு நீலப் பீப்பாய்கள் வந்தன. மூடி ஓரம் அரித்து, பழுப்பாகக் கசிந்து, கிட்டப் போனாலே கண் எரிந்தது. எவராலும் விரும்ப முடியாத சரக்கு. எறிந்தே ஆகவேண்டிய மூன்றாவது வகை. அவை வாசலில் நிற்கவும் சம்மதிக்கவில்லை. ஆபத்தான கழிவைக் கூரைக்குக் கீழே, பூட்டுள்ள கதவுக்குப் பின்னால், சாக்கடையோடு தொடர்பில்லாத தரையில் வைக்க வேண்டும் என்பது விதி. முற்றத்தில் கூரை இல்லை, ஹாலுக்குத் தனிப்பூட்டு இல்லை, சமையலறையில் நீர்ப்போக்கி இருந்தது. மகளின் அறை ஒன்றுதான் எல்லா நிபந்தனைக்கும் பொருந்தியது. மகள் சனிக்கிழமை காலை ஆஸ்பத்திரியிலிருந்து, பிறந்து ஆறு நாளான குழந்தையோடு அந்த அறைக்குத்தான் வர இருந்தாள். மருமகன் வெளியூர் வேலையில் இருந்தான்; போக அவளுக்கு வேறு இடம் கிடையாது. பீப்பாய்கள் ஹாலில் ஒற்றை வரிசையாக, மணிக்கு ஒரு சாண் வீதம் அந்தக் கதவை நோக்கி நகர்ந்தன. எழுத்தர் அளவு நாடாவை வாங்கி அளந்து பார்த்தார். வெள்ளிக்கிழமை மாலை முதல் பீப்பாய் தொட்டிலைத் தொடும்.

வெள்ளி காலை அவர் பெயிண்ட் தொழிற்சாலைக்குப் போனார். பீப்பாய்களின் அடியில் அந்தத் தொழிற்சாலையின் முத்திரை தெளிவாகவே இருந்தது. மேலாளர் தண்ணீர் கொடுத்து உபசரித்து, சீட்டின் வெள்ளை நகலை எடுத்து மேசையில் வைத்தார்.

“எங்க பேரு எங்க சார் இருக்கு இதுல? பல இடங்கள்னு இருக்கு. கலப்புக் குப்பைன்னு இருக்கு. கீழ ஒரே ஒரு கையெழுத்து நல்லாத் தெரியுது. அழகான கையெழுத்து.”

அங்கிருந்து தன் மேலதிகாரியிடம் போனார். அவர் கதவைச் சாத்திவிட்டு அன்போடு பேசினார். தவறான சீட்டைத் திருத்த வழி உண்டு. பழைய சீட்டில் பெற்றதாகக் கையெழுத்துப் போட்டவரே திருத்தச் சீட்டு எழுத வேண்டும். பழையது ஏன் தவறு என்றும் அதில் எழுத வேண்டும். அப்படி எழுதினால் ஒரு சீட்டோடு நிற்காது, மூன்று வருடமும் கிளறப்படும். “உங்களுக்கு ரிட்டையர்மென்ட்டுக்குப் பதினாலு மாசம்தான் இருக்கு. பீப்பாய்தானே, இருந்துட்டுப் போகட்டும். மேல ஒரு பெட்ஷீட் போட்டு மூடிடுங்க.” அலுவலகம் பெரும்பாலான விஷயங்களை இப்படித்தான் தீர்த்துவந்தது.

எழுத்தர் மதியம் வீட்டுக்கு வந்தபோது முதல் பீப்பாய் மகளின் அறை வாசற்படியைத் தாண்டியிருந்தது. தொட்டிலை மனைவி சுவரோடு ஒட்டித் தள்ளி வைத்திருந்தாள். மைத்துனனையும் வரவழைத்து ஹாலில் நிற்க வைத்திருந்தாள். என்ன ஏற்றினாய் என்று எழுத்தர் கேட்டார். இதை அவர் அவனிடம் கேட்பது அதுதான் முதல்முறை.

“டேங்க் கழுவின கரைசல் மாமா. பழைய தின்னர், அடியில படிஞ்ச வண்டல். பதினொண்ணும் அதேதான். தேதிகூட எழுதி வச்சிருக்கேன்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “என் பேரை மட்டும் விட்டுடுங்க மாமா” என்றான்.

“எதுக்குடா விடணும்?” என்றாள் அவன் அக்கா. “நீ தூக்கிப் போட்டது என் பேத்தி தொட்டில்கிட்ட நிக்குது. உன் பேர் வந்தா உனக்குக் குத்துதோ?”

எழுத்தர் புதிய சீட்டுப் புத்தகத்தைத் தையல் மேசையில் விரித்தார். ஒரு சீட்டை எல்லாக் கட்டமும் நிரப்பி அவர் எழுதிப் பல காலமாகியிருந்தது. கொடுத்தவர்: பெயிண்ட் தொழிற்சாலை, பதிவு முகவரியோடு. ஏற்றியவர்: மைத்துனன். பெற்றவர்: எவருமில்லை; ஆகவே சரக்கு கொடுத்தவரிடமே. விவரம்: கரைப்பான் கலந்த வண்டல், எரியக்கூடியது, கசிகிறது. சரியான எண்ணைப் பட்டியலில் தேடிப் பிடித்து, அதன் பக்கத்தில் நட்சத்திரத்தையும் போட்டார். போட்டுப் பழக்கமில்லாததால் அதற்கு ஆறு முனை வந்தது. பழைய சீட்டு தவறானதற்குக் காரணம் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. பதினான்கு மாதத்தை நினைத்துக்கொண்டார். ‘கவனக்குறைவால்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பீப்பாய் திரும்பவில்லை. சாண் கணக்கை விட்டுவிட்டு ஒரு முழு அடி முன்னால் போனது. தொட்டிலின் கால் கிறீச்சிட்டது.

மனைவி சீட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள். “கவனக்குறைவா? மூணு வருஷமாவா? திங்கக்கிழமை திங்கக்கிழமை கரெக்டாவா?”

“வேலை போயிடும்.”

“தெரியும். பொண்ணு நாளைக்குப் பத்து மணிக்கு வர்றா. எழுதுங்க.”

அவர் அந்தச் சொல்லை ஒரே கோட்டில் அடித்தார். மேலே ‘தெரிந்தே’ என்று எழுதி, அடித்ததற்குச் சாட்சியாகப் பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டார். மை காய்வதற்குள் பீப்பாய் இருந்த இடத்திலேயே அரைவட்டம் சுற்றியது. வாசற்படியைத் தாண்டி, ஹாலைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, வந்த வழியே போனது. எழுத்தர் அடுத்த சீட்டைத் திருப்பினார். தெரிந்தே. அடுத்தது, தெரிந்தே. நாலாவதில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். மைத்துனன் ஒவ்வொரு சீட்டிலும் தேதி சொல்லிக் கையெழுத்துப் போட்டான். மாலை ஐந்தரைக்குப் பதினொன்றாவதும் போய்விட்டது. மனைவி அறையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவி, ஜன்னலைத் திறந்து வைத்தாள். சனிக்கிழமை பத்தேகாலுக்கு மகள் வந்து, தொட்டில் ஏன் சுவரோரம் இருக்கிறது என்று மட்டும் கேட்டாள்.

தொழிற்சாலையின் பதிவு முகவரி, வரி தொடர்பான ஒரு வசதிக்காக, முதலாளியின் பங்களாவாக இருந்தது. அங்கே கூரையும் பூட்டும் சாக்கடையில்லாத தரையும் ஒருங்கே அமைந்த அறை அவருடைய படுக்கையறை. வேலைக்காரர்கள் தடுத்துப் பார்த்தார்கள். பீப்பாய்கள் விதியை அவர்களைவிட நன்றாக அறிந்திருந்தன.

எழுத்தர் மூன்றாவது வாரம் பணிநீக்கம் செய்யப்பட்டார். பதினைந்தாயிரம் லோடு குவாரிக்குப் போனதைப் பற்றி உத்தரவில் ஒரு வரியும் இல்லை. அரசாங்கப் படிவத்தில் அடித்துத் திருத்தியதாகத்தான் குற்றச்சாட்டு. ஓய்வூதியத்தில் பாதி போயிற்று. மைத்துனனின் உரிமம் ஆறு மாதம் நிறுத்தப்பட்டது. எஞ்சியிருந்த குவாரிக் குப்பை, உண்மையான சீட்டு எழுத எழுத, தன் தன் இடத்துக்கு நடந்தது. நகராட்சி நான்கு லாரிகளை விற்றுவிட்டு, எரிபொருள் சேமிப்புக்காக விருது வாங்கியது. மேலதிகாரி மேடையேறி அதைப் பெற்றுக்கொண்டார், பெற்றுக்கொண்டேன் என்ற கையெழுத்தும் அவரே போட்டார்.

விவரக் கட்டத்தை உண்மையாக நிரப்பினால்தான் குப்பை நகரும் என்று ஆனபின், அதை நிரப்பத் தெரிந்தவர் ஊரில் ஒருவர்தான் இருந்தார். ஜனங்கள் தையல் மேசைக்கு எதிரே வரிசையில் உட்கார்ந்தார்கள். குழந்தைக்கு மூன்றரை மாதம் ஆனபோது, ஒரு காலை, பெயிண்ட் முதலாளியே வந்தார். தூக்கம் இல்லாத கண்கள். பதினோரு பீப்பாய்களும் பின்னாலேயே வந்து கேட்டுக்கு வெளியே நின்றன. உரிமம் பெற்ற கிடங்கு ஒன்று பெற்றுக்கொள்ளச் சம்மதித்துவிட்டது, சீட்டு மட்டும் எழுத வேண்டும் என்றார். எழுத்தர் விவரத்தைக் கேட்டுக் கேட்டு எழுதி, முதலில் ‘பல இடங்கள்’ என்று எழுதியதற்கான காரணக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டு, பேனாவை அவர் பக்கம் நீட்டினார்.

முதலாளி சுற்றுமுற்றும் பார்த்தார். “இங்க கவனக்குறைவுன்னு போட்டா போதாதா?”

“போட்டுப் பாருங்களேன் சார். அது என்ன பண்ணுதுன்னு பாத்துடலாம்.”

முதலாளி கேட் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, பேனாவை வாங்கிக் காரணக் கட்டத்தில் ‘தெ’ என்று தொடங்கினார். உள்ளேயிருந்து மகள் குழந்தையைத் துண்டில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். பீப்பாய்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டன. தடுப்பூசிக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே அவள் நடுவில் நடந்து போனாள்.