கணக்கில் சேராத டில்லிபாபு

1

இந்தக் கதையை நான் ஒரு கண்ணாடித் தொட்டியில் பார்த்தேன். 2004இல், எம்.கே.பி. நகர் சங்கமித்ரா தன் கல்லூரி ஆய்வகத்தைக் காட்டினாள். ஓடும் தண்ணீரில் ஒரு கம்பம். அதன் பின்னால் மைச் சாயம் இடமும் வலமுமாகச் சுழன்றது. துறைமுகத் தூண்களையும் தண்ணீர் இப்படித்தான் ஆட்டுமாம். அத்தனை தண்ணீரையும் கணக்கிடக் கணினிக்கு நாள்கணக்கில் ஆகும். எனவே பெரிய சுழல்களை மட்டும் வைத்துச் சின்னக் கணக்கு ஒன்று போட்டிருந்தாள். ஓட்டத்தை அளந்துகொண்டே அந்தக் கணக்கு சொல்கிற நேரத்தில் கம்பத்தின் துளை வழியே தண்ணீரைப் பீய்ச்சினால் சுழல் அடங்க வேண்டும். வியாழக்கிழமை தேர்வாளர் முன் அடங்காவிட்டால் டாக்டர் பட்டம் தள்ளிப்போகும்.

என் கதையின் தொடக்கம்: எண்ணூர்க் கடலோரப் புகைபோக்கிகளின் [வேண்டாம். புகைபோக்கி வந்தால் சோகமும் கூடவே வந்துவிடும்.]

2

அவளைப் போல நானும் கதையைச் சுருக்கினேன். அவள் வீட்டில் ஏழு பேர். சங்கமித்ராவையும் அம்மா கெங்கம்மாவையும் மட்டும் வைத்துக்கொண்டேன். அதே வியாழக்கிழமை மகளுக்கு ஒரு பள்ளிக்கூட வேலைக்கு நேர்காணல். அங்கே போ என்கிறாள் அம்மா. சண்டைக்கு இரண்டு பேர் போதாதா? அண்ணன் டில்லிபாபுவை* நீக்கிவிட்டேன்.

(* கண்டெய்னர் லாரி ஓட்டுநர். வருவார், சாப்பிடுவார், தூங்குவார். கதைக்கு உதவாதவர்.)

மூன்றாம் பக்கத்தில் சண்டை கைமீறியது. கெங்கம்மா புத்தகங்களை மாடியிலிருந்து வீச, சங்கமித்ரா பையைத் தூக்கிக்கொண்டு [இவர்கள் இப்படிச் செய்யவே மாட்டார்கள்.]

3

படித்துவிட்டுச் சங்கமித்ரா சிரித்தாள்.

“எங்கண்ணன் எங்க, அக்கா?”

“அவர் ஒண்ணுமே பண்ணலையே.”

“நானும் இப்டித்தான், ஒரு சின்ன சுழல ஒண்ணும் பண்ணாதுன்னு கயட்டி உட்டேன். தண்ணி சும்மா ஓடிகினு இருக்கசொல்ல கணக்கு கரீட்டா இருந்துச்சு. பீச்ச ஆரம்பிச்சதும் பேஜாரா பூடுச்சு. திரும்ப சேத்துகினேன். நீயும் சேத்துக்கோக்கா.”

சேர்த்தேன். சண்டையின் உச்சத்தில் டில்லிபாபு சோற்றுத் தட்டோடு உட்கார்ந்து, “இன்னாம்மா, அவ இன்னாதான் பண்றான்னு ஒரு தபா போயி பாத்தியா நீ?” என்கிறார். கெங்கம்மா அவர் தட்டில் குழம்பு ஊற்றுகிறாள். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

4

வியாழக்கிழமை. முடிவு ஒன்று: சுழல் அடங்குகிறது, தேர்வாளர் கைகுலுக்குகிறார். முடிவு இரண்டு: தண்ணீர் முன்னைவிட வெறிகொண்டு

(மூன்றாவது முடிவில் மின்சாரம் போகிறது. எனக்கே வெட்கமாக இருக்கிறது, மறந்துவிடுங்கள்.)

தண்ணீரை உங்களிடம் விட்டுவிடுகிறேன். எது பிடிக்கிறதோ எடுத்துக்கொள்ளுங்கள். கெங்கம்மாவை மட்டும் தர மாட்டேன். அவள் வந்துவிட்டாள். தேர்வாளரையும் தள்ளிக்கொண்டு முன்னால் போய், கண்ணாடியில் மூக்கு ஒட்ட நின்று பார்க்கிறாள்.

“இத்தயா நீ நிறுத்தப் போற?”

“ஆமாம்மா.”

“அப்ப இன்னாடி பாத்துகினு கீற? போடு சுவிச்ச.”