மின்னலுக்குச் சொந்தம் யார்?

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கல்ல. பாலியல் தொழில் செய்யும் பெண்களுக்கு உடல்நல வகுப்பு எடுக்கிற என் அக்கா, வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னது. நான் எழுதிய முதல் வரி: ‘மழை தூறிக்கொண்டிருந்தது. அவள் கண்களில் தீராத சோக—’

“எந்த மழை? அன்னைக்கு வெயில் மண்டையப் பொளந்துச்சு. எங்க பொண்ணுங்கன்னா உடனே அழ வெச்சிடுவியாடா?”

அந்த வரியை அடித்துவிட்டேன்.

2

கதையில் வருகிறவள் வேறு நாட்டிலிருந்து பிழைக்க வந்தவள். தையற்கடை மாடியில் நடக்கும் வகுப்புக்கு வருவாள். யாராவது கேள்வி கேட்டால் காணாமல் போவாள். அதனால் தோழிகள் அவளை மின்னல் என்றார்கள். கொஞ்ச நாளாக அடிவயிற்றில் வலி, விட்டு விட்டுக் காய்ச்சல். மருத்துவமனைக்குப் போனால் பிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து, கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிக்கொண்டிருந்தாள்.

“அங்க பேப்பர் எதுவும் கேக்க மாட்டாங்கம்மா. நான் விசாரிச்சிட்டேன்” என்று அக்கா சொல்லியும் அசையவில்லை.

“தனியாப் போனாத்தானே பயம்? எல்லாருமே போவோம்” என்றாள் வகுப்புத் தோழி குண்டக்கா.

(குண்டக்கா ஒல்லிதான். பெயர்க்காரணம் சொல்லப் போனால் அது தனிக்கதை.)

3

மருத்துவமனைக் காத்திருப்பு அறையில் நாற்காலி போதவில்லை. நர்ஸ் எட்டிப் பார்த்து, “கூட ஒருத்தர்தான் வரலாம். இவங்களுக்கு யார் சொந்தம்?” என்றார்.

மொத்தக் கூட்டமும் எழுந்தது.

“நான் அக்கா.”

“நான் சின்னம்மா.”

“நான் மாமியார்” என்றாள், மின்னலைவிட இளையவள் ஒருத்தி.

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

[இங்கே ஒரு சிடுசிடு நர்ஸை வைத்தால் கதை சூடுபிடிக்கும் என்று பார்த்தேன். “அந்தம்மா தங்கமானவங்கடா. வில்லி ஆக்கிடாத” என்று அக்கா கத்தியை ஓங்கினாள்.]

மின்னலுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்த வேகத்தில் எழுந்து, “மாமியார் வேணாம். நானே போறேன்” என்று அரைகுறை மொழியில் சொல்லிவிட்டு உள்ளே நடந்தாள்.

4

முடிவு ஒன்று: சாதாரணத் தொற்றுதான் என்று டாக்டர் சொல்—

முடிவு இரண்டு: டாக்டரின் முகம் மா—

“டாக்டர் என்னதான்க்கா சொன்னாங்க?”

“அது அவ உடம்பு, அவ சங்கதி. இப்ப நல்லாருக்கா. அவ்வளவுதான் உனக்கு.”

ஆகவே, இரண்டும் கிடையாது. வேண்டுமானால் நேற்று நடந்ததைச் சொல்கிறேன். வகுப்புக்குப் புதிதாக வந்த ஒருத்தி, மருத்துவமனைக்கு வரவே மாட்டேன் என்று அடம்பிடித்திருக்கிறாள். மின்னலோ அவளுடைய கைப்பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டாள். பை போனால் ஆள் வந்துதானே ஆக வேண்டும்?

பஸ் நிறுத்தத்தில் இருவரும் பையை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கிறார்கள். பஸ்ஸும் வந்துவிட்டது. அக்கா பார்த்தது அதுவரைதான். மிச்சத்தை நீங்கள் எழுதுங்கள். மழையை மட்டும் வரவழைக்காதீர்கள்.