தங்கக் காதும் தோல் உரிந்த மெத்தையும்

பல்கேரியாவின் பிளோவ்திவ் ஊரில் கல்யாணப் பாட்டுக்காரர்கள் யாரைக் கேட்டாலும், ராங்கெலுக்குத் தங்கக் காது என்பார்கள். யாரும் சொல்லாவிட்டால் ராங்கெலே சொல்லிவிடுவான். அடுக்குமாடியின் அடியில், கார் நிற்க வேண்டிய இடத்தில் ஒலிப்பதிவுக் கூடம் நடத்தினான். ஸ்பீக்கரில் வேலை செய்தால் மேல்வீட்டுக்காரர்கள் துடைப்பக்கட்டையால் தரையை இடிப்பார்கள். அதனால் குரலையும் வாத்தியங்களையும் அளவாகச் சேர்க்கும் மிக்ஸிங் வேலையெல்லாம் ஹெட்ஃபோனில்தான். அந்தக் கையாலாகாத்தனத்தையும் பெருமையாக்கிவிட்டான். "ஸ்பீக்கரெல்லாம் காது இல்லாதவனுக்கு" என்பான். பாடகி இருமினால் வெளியே போகச் சொல்வான். பாட்டை வாங்க வந்தவர்கள், கேட்பது எப்படி என்ற பிரசங்கத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

இத்தனை பெருமைக்கும் ஆதாரமான அந்த ஹெட்ஃபோனின் காதுமெத்தைகள் இருந்த கோலத்தைப் பார்த்திருக்க வேண்டும்! தோல் வெடித்து, உரிந்து, உள்ளே இருந்த பஞ்சு தட்டையாகிக் கிடந்தது. கழற்றும்போதெல்லாம் கருப்புச் செதில் செதிலாகக் கன்னத்தில் ஒட்டிக்கொள்ளும்.

"யோவ், மறுபடியும் மூஞ்சியெல்லாம் கரி!" என்பாள் அவன் மனைவி தோங்கா. "இப்படியே சர்ச்சுக்கு வந்தா, பாதிரியார் தீர்த்தம் தெளிப்பாரா, சோப்பு போட்டுத் தேய்ப்பாரா?"

"அதைத் தொடாத. பழகின மெத்தை."

"தலைகாணியில ஒட்டுறதைத் துவைக்கிறது நான். உனக்கென்ன, பழகிடும்!"

ஒருநாள் அவன் முடிவெட்டிக்கொள்ளப் போன நேரத்தில், பழையதைப் பிடுங்கித் தெருவோரக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, கொழுகொழுவென்று புது மெத்தைகளை மாட்டி வைத்தாள். திரும்பி வந்தவன் குதித்தான், கத்தினான். பிறகு மாட்டிப் பார்த்தான். காதைச் சுற்றிக் கச்சிதமாக மூடியது. பேஸ், அதாவது அடித்தாளத்தின் கனத்த சத்தம், கிண்ணென்று விழுந்தது. அடடா, வயசாக ஆக நம் காது கூர்மையாகிக்கொண்டே போகிறதே என்று நினைத்துக்கொண்டான். மெத்தைக்கு ஒரு பங்கு கொடுப்போம் என்று தோன்றவில்லை, பாருங்கள்.

அந்தக் காதோடுதான் அன்றைக்கே ராதோஸ்தினாவின் புதுப்பாட்டை மிக்ஸ் செய்தான். ராதோஸ்தினா பாடாவிட்டால் அந்த வட்டாரத்தில் கல்யாணம் களைகட்டாது. அவள் எங்கே பதிவு செய்கிறாளோ, மற்ற பாடகிகளும் அங்கேதான் வரிசை கட்டுவார்கள். அவள் போனால் கூடத்தைப் பூட்டிவிட்டு மறுபடி காரையே நிறுத்த வேண்டியதுதான். இது ராங்கெலுக்கு நன்றாகத் தெரியும்.

பாட்டைக் கொண்டுபோய்க் காரில் போட்டுக் கேட்டவள், மறுநாள் காலையிலேயே வந்து நின்றாள்.

"ராங்கெல் அண்ணே, என்ன இது? பத்தியச் சாப்பாடு மாதிரி இருக்கு!"

"அதுக்குப் பேரு துல்லியம்."

"துல்லியத்த வச்சிக்கிட்டு நான் என்ன பண்ண? எல்லாரும் கைகோத்து ஆடணும் அண்ணே. வயித்துல குத்தணும்! போன வருஷப் பாட்டுக்கு மேசையில இருந்த கிளாஸெல்லாம் தானா நகர்ந்துச்சே, அந்த அடி எங்க போச்சு?"

"உன் கார்ல கோளாறு."

"காரும் நல்லாத்தான் இருக்கு, நானும் நல்லாத்தான் இருக்கேன். சனிக்கிழமை பஸார்ஜிக்ல பெரிய இடத்துக் கல்யாணம். அதுக்குள்ள அந்த அடி வரணும். வரலைன்னா யாவோர்கிட்ட போயிடுவேன். அவன் இருமினா திட்டுறதில்ல, காபி வேற போட்டுத் தர்றான்."

யாவோர்! பட்டன் அமுக்கத் தெரிந்த காபிக்கடைக்காரன் என்று ராங்கெல் ஊரெல்லாம் ஏசுகிற இன்னொரு ஒலிப்பதிவுக்காரன். அவளை அனுப்பிவிட்டு, எரிச்சலோடு போன வருஷப் பாட்டைப் போட்டுக் கேட்டான். கேட்டவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நிலவறையில் யாரோ பீப்பாயைப் போட்டு உருட்டுவதுபோல ஒரே தடதடப்பு. பாவம், வயலின் எங்கேயோ அடியில் மாட்டிக்கொண்டு முனகியது. இதையா நான் செய்தேன்? ஒரு பக்க மெத்தையைக் காதிலிருந்து லேசாகத் தூக்கினான். பேஸ் பொசுக்கென்று ஓடிப்போனது, பாட்டு ஒழுங்காகக் கேட்டது. அமுக்கினான், தடதட. தூக்கினான், சரி.

அப்போதுதான் புத்தியில் உறைத்தது. இத்தனை காலமும் வெடித்த தோல் வழியாக பேஸ் ஒழுகிக்கொண்டிருந்திருக்கிறது. காதுக்கு எட்டாததை, போதவில்லை போதவில்லை என்று அள்ளி அள்ளிப் போட்டிருக்கிறான். ஊர் அதைத்தான் தங்கக் காது என்று கொண்டாடியிருக்கிறது. அழுகை வந்தது. ஆனால் அழுதால் சனிக்கிழமை தள்ளிப்போகுமா?

தெருவோரக் குப்பைத் தொட்டிக்குள் இடுப்புவரை கவிழ்ந்து அவன் துழாவிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வாசலில் குடியிருக்கும் காஞ்சோ நாயோடு வந்து சேர்ந்தான்.

"என்ன மாஸ்டர், புதுசா ஏதாவது சத்தம் பதிவு பண்றீங்களா?"

"உன் வேலையப் பாருய்யா!"

பூண்டுச் சருகுக்கும் தர்பூசணித் தோலுக்கும் நடுவே மெத்தைகள் கிடைத்தன. துடைத்து மாட்டி, மூக்கைச் சுளித்துக்கொண்டே பாட்டை மறுபடி மிக்ஸ் செய்தான். தங்கக் காதுக்குப் பூண்டு வாசம் வீசியது.

பஸார்ஜிக் கல்யாணம் அமர்க்களப்பட்டது. திங்கட்கிழமை ராதோஸ்தினா ஒரு தட்டு பாலாடைக்கட்டிப் பணியாரமும் ஒரு புட்டி திராட்சைச் சாராயமுமாக வந்து, இரண்டு கன்னத்திலும் முத்தம் வைத்தாள்.

"அண்ணே, இதுதான் அண்ணே நீங்க! மாப்பிள்ளையோட தாத்தா ஊன்றுகோலைத் தூக்கிப் போட்டுட்டு ஆடினாரு. மொதல்ல ஒரு உப்பில்லாத கஞ்சியக் கொடுத்தீங்களே, அன்னிக்கு உங்களுக்குக் காய்ச்சலா?"

அவன் பேசாமல் பணியாரத்தைத் தின்றிருக்கலாம். யார் கேட்டார்கள்? ஆனால் உப்பில்லாத கஞ்சி என்ற சொல் குடைந்தது. வாழ்க்கையில் அவன் ஒழுங்காகச் செய்த வேலை அது ஒன்றுதான். தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? இரண்டு கிளாஸ் உள்ளே போனதும் வாயைத் திறந்தான்.

"இங்க பாரு ராதோஸ்தினா, அந்தக் கஞ்சிதான் சரியான மிக்ஸ். இப்ப ஆடினீங்களே, அது தப்பு. சுத்தத் தப்பு! இந்தக் கிழிஞ்ச மெத்த பண்ணின வேல." ஹெட்ஃபோனைத் தூக்கிக் காட்டி, பேஸ் எப்படி ஒழுகுகிறது, காது எப்படி ஏமாறுகிறது என்று முழுப் பிரசங்கமும் செய்து முடித்தான்.

அவள் முதல் தடவையாக அவன் பிரசங்கத்தை ஒரு சொல் விடாமல் கேட்டாள்.

"அப்ப அந்த அடி இந்த மெத்தையாலதான் வந்துச்சா?"

"ஆமாங்கறேன்!"

"உங்களால இல்ல?"

"இல்லவே இல்ல! நான் பண்ணினது கஞ்சி. அதோட அருமை உங்களுக்குத் தெரியல."

"இத வேற ஹெட்ஃபோன்ல மாட்டலாமா?"

"இதே கம்பெனி, இதே மாடலா இருந்தா யார் வேணும்னாலும் மாட்டலாம்" என்றான் ராங்கெல். தொழில் விஷயத்தில் அவனுக்குப் பொய் வராது.

"யாவோர்கிட்ட இதேதான் இருக்கு" என்றாள் அவள். மெத்தைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். "நீங்களே தப்புங்கறீங்க, உங்களுக்கு எதுக்கு அண்ணே இது? பணியாரம் ஆறிடப் போகுது, சாப்பிடுங்க." எழுந்து போயேவிட்டாள்.

திராட்சை அறுவடைக்கு முன்பே மற்ற பாடகிகளும் ஒவ்வொருத்தியாக யாவோர் வீட்டுக் காபிக்குப் போய்விட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ராங்கெல் ரொட்டி வாங்கி வரும்போது, கல்யாணக் கார் ஒன்று தெருவையே அதிரவைத்துக்கொண்டு கடந்தது. ராதோஸ்தினாவின் குரல், வயிற்றில் குத்தும் அதே அடி. காஞ்சோவின் நாய் குரைத்தது.

"மாஸ்டர்!" என்று காஞ்சோ கையைத் தூக்கினான். "ஒரு தெரு தள்ளி வந்தாலும் சொல்லிடலாம். உங்க காது பண்ணின வேலதானே?"

ராங்கெல் மாடியைப் பார்த்தான். கேட்டுச் சிரிக்கப் பால்கனியில் தோங்கா இல்லை.

"பின்ன?" என்றான்.